மூன்று வயது விரலா, அம்மாவின் விரலா? தீம் பார்க் வாசலில் எடுக்க வேண்டிய முடிவு

ஃப்ளோரிடாவின் தீம் பார்க்குகளுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசித்துச் செய்கின்றன. எந்த ஹோட்டல், எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த ராட்டினத்துக்குக் குழந்தையின் உயரம் போதும் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு முடிவை மட்டும், பின்னால் நீண்ட வரிசை நிற்க, அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம். "குழந்தையின் விரலை இதில் வையுங்கள்" என்கிறார் பூங்கா வாசலில் விரலைப் படிக்கும் கருவியோடு நிற்கும் ஊழியர். நாமும் வைத்துவிடுகிறோம்.

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது நானும் அப்படித்தான் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். கருவி ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், ஏற்கவில்லை. மூன்றாவது முறையும் ஏற்காதபோது அவள் கையை இழுத்துக்கொண்டு, "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். ஊழியர் பதறிப்போய், "உங்கள் விரலையே வையுங்கள், பரவாயில்லை" என்றார். வைத்தேன், உள்ளே போனோம். இரண்டு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல். பாட்டியும் மாமாவும் அவளைக் கூட்டிப்போனார்கள். அவளுடைய டிக்கெட்டில் பதிந்திருந்தது என் விரல். நானோ அறையில் படுத்திருந்தேன். வாசலில் அரை மணி நேரம் விளக்கிச் சொல்லித்தான் உள்ளே போனார்களாம்.

குழந்தையின் விரலை வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, வைக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை ஒரே பயணத்தில் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டையும் தவிர வேறு வழிகளும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எதற்காகக் கேட்கிறார்கள்

ஃப்ளோரிடாவில் ஒர்லாண்டோ நகருக்கு அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை. 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 முதல் பெரியவர் டிக்கெட். விரல் வைக்கும் முறை அங்கே 1990களிலேயே வந்துவிட்டது. தொடக்கத்தில் இரண்டு விரல்களை நீட்டி வைத்தால் அவற்றின் வடிவத்தை அளக்கும் கருவி இருந்தது. பின்னால் ஒற்றை விரலைப் படிக்கும் கருவி வந்தது. நெடுங்காலம் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டுமே விரல் வைத்தார்கள். 2016இல்தான் அந்த வயது மூன்றாக இறங்கியது.

காரணம் டிக்கெட் கைமாறுவது. பல நாள் டிக்கெட்டில் நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை குறையும். அதனால் பத்து நாள் டிக்கெட்டை வாங்கி, நான்கு நாள் சுற்றிவிட்டு, மீதியை வேறொருவருக்கு விற்றால் லாபம். பாதி பயன்படுத்திய இத்தகைய டிக்கெட்டை விற்பது ஃப்ளோரிடா சட்டப்படி குற்றம். முதல் நாள் வந்தவரேதான் ஐந்தாம் நாளும் வருகிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே விரல்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோனால் கண்டுபிடிக்க இது உதவும் என்று நம்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். உதவாது. வாசலில் இருக்கும் கருவிக்குக் குழந்தை உள்ளே எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. தொலைந்த குழந்தைக்கு உதவுவது, அவள் சட்டையின் உள்பக்கமோ கைப்பட்டையிலோ எழுதிய உங்கள் தொலைபேசி எண்தான். விரல் வைப்பது பூங்காவின் வருமானத்துக்கான பாதுகாப்பு. அதில் தவறில்லை, ஆனால் குழந்தையின் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு சம்மதிக்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: அடுத்த முறை குழந்தையை வாசலுக்குக் கூட்டி வரப்போவது யார்? பலரும் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் நடைமுறையில் மற்ற நான்கையும்விட இதுதான் முடிவை மாற்றும்.

இரண்டாவது: பதிந்தது கசிந்தால் மாற்றிக்கொள்ள முடியுமா? கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கி அட்டையை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. நாற்பது வயதில் என் விரல் பதிவு ஆபத்தில் சிக்குவதும், எண்பது வருட வாழ்க்கையை முன்னால் வைத்திருக்கும் நான்கு வயதுக்காரியின் விரல் சிக்குவதும் ஒன்றல்ல.

மூன்றாவது: இந்த வயது விரலை அந்தக் கருவியால் ஒழுங்காகப் படிக்க முடியுமா? நான்காவது: என்ன பதிகிறது, எவ்வளவு காலம் இருக்கும், கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறதா? ஐந்தாவது: குழந்தைக்கு இதனால் என்ன பழக்கமாகிறது? ஐந்தாவது கேள்வியைச் சிலர் மிகையான கவலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் கேட்டாலும் உடம்பின் ஒரு பகுதியை நீட்ட வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். வாசலில் நாமே அந்தச் சின்னக் கையைப் பிடித்து அழுத்துகிறோம்.

## கருவிக்குள் நடப்பது

கைரேகை கருவிலேயே, மூன்றாம் நான்காம் மாதங்களில், உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகு அதன் அமைப்பு மாறுவதில்லை. மாறுவது அளவு. குழந்தை வளர வளர, பலூனில் வரைந்த கோலம்போல ரேகையும் விரிந்துகொண்டே போகும்.

பெரியவர்களின் விரலில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். வழக்கமான ஸ்கேனர்கள் ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற அளவில் படமெடுப்பவை. அந்த இடைவெளிக்கு அது தாராளம். சிறு குழந்தையின் விரலில் கோடுகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். தோல் மென்மையானது, அழுத்தினால் நசுங்கிக் கோடுகள் கலைந்துவிடும். போதாததற்கு சன்ஸ்கிரீன், வியர்வை, ஐஸ்கிரீம் பிசுக்கு, நீர்ச்சறுக்கலில் ஊறிச் சுருங்கிய தோல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இந்தியாவின் ஆதாரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ரேகை எடுப்பதில்லை. எடுத்த பிறகும் பதினைந்து வயதில் புதுப்பிக்க வேண்டும். வளரும் விரல் எவ்வளவு நம்பகமற்றது என்பதை அந்த விதியே சொல்கிறது.

படித்த பிறகு என்ன ஆகிறது? டிஸ்னி சொல்வது இது: விரலின் படம் உடனே ஓர் எண் மதிப்பாக மாற்றப்படுகிறது, படம் அழிக்கப்படுகிறது, ரேகை சேமிக்கப்படுவதில்லை. அடுத்த முறை விரலை வைக்கும்போது அந்த எண்ணோடு ஒப்பிடப்படும். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. காவல் துறை செய்வது, ஒரு ரேகையை எடுத்து, இது யாருடையது என்று கோடிக்கணக்கான பதிவுகளில் தேடுவது. பூங்கா வாசலில் நடப்பது, இந்த டிக்கெட்டோடு பதிந்த விரல் இதுதானா என்ற ஒற்றைக்கு ஒற்றை ஒப்பீடு. அதற்கு முழு ரேகையின் நுட்பம் தேவையில்லை. எனவே, "போலீஸ் மாதிரி என் குழந்தையின் ரேகையை எடுத்து வைத்துவிட்டார்கள்" என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் "அது வெறும் எண்தானே" என்று முழுதாக விட்டுவிடவும் கூடாது. ரேகைக் கோடுகள் பிரியும், முடியும் இடங்களைக் குறித்து வைக்கும் வகைப் பதிவிலிருந்து, அசல் ரேகையைப் போன்ற படத்தைத் திரும்ப வரைந்துவிட முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காவலுள்ள இடத்திலிருந்தும் ரேகை களவு போகும். அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைப் பதிவுகள் திருடுபோனதை அந்த அலுவலகமே 2015இல் ஒப்புக்கொண்டது. இனி ஒவ்வொரு வழியாக வருவோம்.

## வழி 1: குழந்தையின் விரலையே பதிவது

பூங்கா எதிர்பார்ப்பது இதைத்தான். இதில் இருக்கும் பெரிய வசதி, குழந்தை யாரோடும் வரலாம் என்பது. இன்று அப்பா, நாளை அத்தை, மறுநாள் தாத்தா என்று மாறிமாறிக் கூட்டிப்போகும் கூட்டுக்குடும்பப் பயணத்துக்கு இது மட்டுமே சிக்கலில்லாத வழி. குழந்தையும் டிக்கெட்டும் வாசலுக்கு வந்தால் போதும்.

வெளியே தெரியாத செலவு காலை நேரத்தில் வரும். ஒருநாள் சன்ஸ்கிரீன் பூசாமல் பதிந்த விரல் மறுநாள் பூசிய விரலோடு பொருந்தாமல் போகலாம். முதல் நாள் வலது ஆட்காட்டி விரலை வைத்தோமா, இடதா என்று யாருக்கும் நினைவிருக்காது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கருவி எட்டாது; தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதன் விரலை நிமிர்த்தி, அசையாமல் வைக்க வேண்டும். கையை விரி என்றால் மூடிக்கொள்ளும் வயது அது. பூங்கா திறக்கும் நேரத்துக்கே வந்து நிற்கும் குடும்பத்துக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிது.

ஒரே பூங்காவுக்கு ஒரே பயணத்தில் மூன்று நான்கு நாள் போகிறவர்களுக்கு வளர்ச்சி ஒரு பிரச்சினையே அல்ல. வருடாந்திர பாஸ் எடுக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்குத்தான் அது வரும். மூன்று வயதில் பதிந்த விரல் நான்கில் பொருந்தாமல் போனால் மறுபடி பதிய வேண்டும். வருடா வருடம் பாஸைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க, குழந்தையின் பதிவும் அந்த நிறுவனத்திடம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் கர்னி நகரில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவுக்கு 2014இல் பள்ளிச் சுற்றுலா போன 14 வயதுப் பையனிடம், சீசன் பாஸுக்காகக் கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். பையன் வீடு திரும்பிய பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. அந்த மாநிலத்தில் 2008 முதலே உடல் அடையாளத் தகவல்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு: எழுத்தில் அறிவிக்க வேண்டும், எழுத்தில் சம்மதம் பெற வேண்டும், எப்போது அழிப்போம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நோக்கம் நிறைவேறியதும் அழிக்க வேண்டும். நிறைவேறாவிட்டாலும் கடைசித் தொடர்பிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாய் வழக்குத் தொடுத்தார். "உங்கள் மகனுக்கு என்ன நஷ்டம் ஆகிவிட்டது?" என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். நஷ்டம் ஏற்பட்டதாகக் காட்டத் தேவையில்லை, கேட்காமல் எடுத்ததே உரிமை மீறல்தான் என்று 2019 ஜனவரி 25 அன்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பின்னர் 3.6 கோடி டாலர் சமரசத் தொகையோடு அந்த வழக்கு முடிந்தது.

அந்தத் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் கேட்டது பணத்தைவிடப் பெரியது: என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒர்லாண்டோ இல்லினாயில் இல்லை. தனிமனிதர் நேரே வழக்குப் போட வழிசெய்யும் அப்படியொரு சட்டம் ஃப்ளோரிடாவில் கிடையாது. அதனால் அங்கே முன்யோசனைதான் பெற்றோரின் கையில் இருக்கும் பாதுகாப்பு.

## வழி 2: அம்மாவோ அப்பாவோ தன் விரலைக் கொடுப்பது

2016இல் வயதை இறக்கியபோதே, விருப்பமில்லாத பெற்றோர் குழந்தையின் டிக்கெட்டுக்குத் தங்கள் விரலையே பதியலாம் என்று டிஸ்னி அறிவித்தது. வாசலில் நாமாகக் கேட்டால்தான் இது கிடைக்கும். ஊழியர் முதலில் குழந்தையின் விரலைத்தான் கேட்பார். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் பிசுக்குக் கையோடு போராடுவதைவிட இது எளிது.

நன்மைகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கருவி முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளும். குழந்தையின் பதிவு எங்கேயும் இல்லை. என் விரல் எப்படியும் என் டிக்கெட்டோடு பதிந்துதான் இருக்கிறது, இன்னொரு டிக்கெட்டோடும் சேர்வதால் எனக்குக் கூடுதல் இழப்பு பெரிதாக ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் செலவைத்தான் என் அம்மாவும் தம்பியும் வாசலில் நின்று கொடுத்தார்கள். விரலைக் கொடுத்தவர் குழந்தையோடு கட்டுண்டுவிடுகிறார். மதியம் குழந்தையைத் தூங்கவைக்க அப்பா ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கூட்டி வந்தால், பதிந்தது அம்மாவின் விரல் என்றால், அம்மா உள்ளிருந்து வாசலுக்கு நடந்து வர வேண்டும். ஒரே நாளில் இரண்டாவது பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு பூங்கா வாசலிலும் மறுபடி விரல் வைக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் இருந்தால் ஒன்றுக்கு அம்மா, இன்னொன்றுக்கு அப்பா என்று பிரித்துப் பதிய வேண்டாம். எது யாருடையது என்று மூன்றாம் நாள் மறந்துவிடும். குழந்தைகளோடு பிரியாமல் இருக்கப்போகும் ஒருவரின் விரலையே எல்லாவற்றுக்கும் பதியுங்கள்.

சிக்கிக்கொண்டாலும் தீராத சிக்கல் இல்லை. ஊழியரின் கைக்கணினியில் பழைய பதிவை மாற்றிப் புதிதாகப் பதிய முடியும். டிக்கெட்டில் உள்ள பெயரும், கூட்டி வந்தவர் காட்டும் சான்றும் தெளிவாக இருந்தால் சீக்கிரம் முடியும். என் அம்மாவிடம் பேத்தியின் பாஸ்போர்ட் நகல்கூட இல்லாததால்தான் அரை மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு நகலைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

## வழி 3: விரலே வேண்டாம், அடையாள அட்டை காட்டுகிறேன்

விரல் வைக்க விரும்பாத பெரியவர்கள் புகைப்படம் உள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். அதிலுள்ள பெயர் டிக்கெட்டில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். கொள்கையில் உறுதியாக நிற்பவர்களுக்கு இது நேர்மையான வழி.

குழந்தைக்கு இதைப் பயன்படுத்துவதில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவிலேயே வளரும் நான்கு வயதுக் குழந்தையிடம் பொதுவாகப் புகைப்பட அட்டை எதுவும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் குழந்தையிடம் பாஸ்போர்ட் இருக்கும். ஆகவே இந்த வழி சுற்றுலா வந்தவர்களுக்கே அதிகம் பயன்படும். ஆனால் பாஸ்போர்ட்டைத் தண்ணீர் தெறிக்கும் ராட்டினங்களுக்கு நடுவே நாள் முழுக்கப் பையில் சுமக்க வேண்டும். அது நனைந்தாலோ தொலைந்தாலோ வரும் அலைச்சலோடு ஒப்பிட்டால், விரல் வைப்பதன் சங்கடம் ஒன்றுமே இல்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது: பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். டிக்கெட் எடுக்கும்போது நாமோ வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டிருப்போம், அல்லது வெறும் இனிஷியலைப் போட்டிருப்போம். வாசலில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே குழந்தை என்று எப்படித் தெரியும்? எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, டிக்கெட் எடுக்கும்போது குழந்தையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

## வழி 4: விரலுக்குப் பதில் முகம்

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் பல ஆண்டுகளாக நடந்து வந்தது எளிய முறை. வாசலில் ஒரு புகைப்படம் எடுப்பார்கள். அடுத்த முறை டிக்கெட்டைக் காட்டியதும் அந்தப் படம் ஊழியரின் திரையில் வரும். அவர் தன் கண்ணால் ஒப்பிடுவார். இது எனக்கு மிகவும் பிடித்த முறை. மனிதர் மனிதரைப் பார்க்கிறார். குழந்தை சிரித்தால் வேலை முடிந்தது.

இன்னொன்று, முகத்தைக் கணினியே அளந்து ஒப்பிடுவது. டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2021 மார்ச்சில் தொடங்கி ஒரு மாதம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். யுனிவர்சல் ஒர்லாண்டோ பூங்காக்களில் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது. 2025 மே மாதம் அங்கே திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவிலும் இருக்கிறது. எதையும் தொட வேண்டாம், பிசுக்குக் கை பிரச்சினை இல்லை, வரிசை வேகமாக நகரும். பெற்றோருக்கு இது விரலைவிடச் சாதுவாகத் தெரியும், போட்டோதானே என்று. நான் எதிர்மாறாகவே நினைக்கிறேன். விரலை நாமாகக் கொண்டுபோய் வைத்தால்தான் படிக்க முடியும். முகத்தை நம்மைக் கேட்காமலே, தூரத்திலிருந்தே படிக்கலாம். ஒரு பூங்காவில் பதிந்த முக அளவை வேறு எந்தப் படத்தோடும் ஒப்பிடலாம். சிறு குழந்தைகளின் முகங்களை இவை அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கின்றன என்பதையும் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2019இல் வெளியிட்ட சோதனை காட்டியது. ஒரே சாயலில் இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முகத்தைவிட விரலே தெளிவானது. உரித்து வைத்த சாயல் இருந்தாலும் இரட்டையரின் ரேகைகள் வேறுவேறு.

கேட்காமல் முகத்தைப் படமெடுக்கும் வாசலில் நின்றால், கணினி ஒப்பீடு வேண்டாம், வேறு வழி என்ன என்று கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | குழந்தையின் விரல் | பெற்றோரின் விரல் | அடையாள அட்டை | கணினி பார்க்கும் முகம் |
|---|---|---|---|---|
| யார் கூட்டி வரலாம் | யாரும் | விரல் பதிந்தவர் மட்டும் | அட்டை கையில் உள்ளவர் | யாரும் |
| சிறு வயதில் வேலை செய்வது | தடுமாறும் | நன்றாக | நன்றாக, பெயர் பொருந்தினால் | வேகம், ஆனால் குழப்பம் உண்டு |
| குழந்தையின் உடல் பதிவு | உண்டு | இல்லை | இல்லை | உண்டு, பரவலாகப் பயன்படக்கூடியது |
| மறைந்த செலவு | காலை நேரம், அழுகை | பெரியவர் கட்டுண்டு போவது | பாஸ்போர்ட் தொலையும் அபாயம் | கேட்காமலே பின்னால் ஒப்பிடப்படுவது |

## எந்தக் குடும்பத்துக்கு எது

மூன்று முதல் ஐந்து வயது, நான்கைந்து நாள் பயணம், அம்மாவோ அப்பாவோ பிரியாமல் கூடவே இருக்கப்போகிறார் என்றால் பெற்றோரின் விரல்தான் என் பதில், தயக்கமே இல்லாமல். குழந்தையின் விரல் தடுமாறும் வயதும் இதுதான், நாம் பிரியாமல் இருக்கும் வயதும் இதுதான். விலை குறைவு, லாபம் அதிகம்.

பாட்டி, தாத்தா, சித்தி, மாமா என்று பத்துப் பேர் சேர்ந்து போகிறீர்கள், குழந்தையை யார் எப்போது கூட்டிப்போவார் என்று சொல்ல முடியாது என்றால் குழந்தையின் விரலைப் பதிந்துவிடுங்கள். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். நான்கு நாள் டிக்கெட்டுக்கான ஒற்றைக்கு ஒற்றை ஒப்பீடு, குழந்தையின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் விஷயமல்ல. பாட்டி வெயிலில் நின்று தடுமாறுவதும் ஒரு செலவுதான். அறையிலேயே கையைக் கழுவித் துடைத்து, சன்ஸ்கிரீனை வாசல் தாண்டியதும் பூசுங்கள். எந்த விரல் என்பதைப் போனில் குறித்துவையுங்கள்.

வருடாந்திர பாஸ் எடுக்கும் உள்ளூர்க் குடும்பம் என்றால் நான் மறுபடி பெற்றோர் பக்கம் சாய்வேன். அங்கே பதிவு நாட்கணக்கில் இருப்பதில்லை, வருடக்கணக்கில் நீளும். ஆனால் பள்ளி நண்பனின் அம்மாவோடு குழந்தை தனியாகப் போகத் தொடங்கும் வயதில் அந்த ஏற்பாடு உடைந்துவிடும். எட்டு ஒன்பது வயதில் குழந்தையிடமே விளக்கிச் சொல்லி, அவன் சம்மதித்தால் அவன் விரலைப் பதிவதுதான் முறை. அந்த வயதில் கருவியும் அவனை ஒழுங்காகப் படிக்கும், அவனும் நாம் சொல்வதைப் புரிந்துகொள்வான்.

எந்தப் பதிவும் வேண்டாம் என்று நிற்பவர்களை யாரும் மிரட்டி மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்க எல்லையில் வெளிநாட்டுப் பயணிகளிடம் கைரேகை எடுக்கும் முறையிலேயே 14 வயதுக்கு உட்பட்டோருக்கு நெடுங்காலமாக விலக்கு இருந்து வந்திருக்கிறது. நாட்டுக்குள் நுழையக் கேட்காத விரலைப் பூங்காவுக்குள் நுழையக் கேட்கிறார்களே என்று ஒரு பெற்றோருக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்வி. 2020 ஜூலையில், கொரோனா காலத்தில், டிஸ்னி வேர்ல்ட் மறுபடி திறந்தபோது விரல் கருவிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் விரல் இல்லாமலே வாசல்கள் இயங்கின.

## முந்தின இரவு

எந்த வழியானாலும் அதை முந்தின இரவு அறையிலேயே முடிவு செய்யுங்கள். யார் விரல் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் முகப்புப் பக்கத்தின் நகலை அவளைக் கூட்டிப்போகக்கூடிய ஒவ்வொருவர் போனிலும் போட்டு வையுங்கள். வாசலில் ஊழியர் கருவியைக் காட்டும் முன்பே, "இவளுடைய டிக்கெட்டுக்கு என் விரலைப் பதிகிறேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

குழந்தையிடமும் சொல்லுங்கள். அடுத்த பயணத்தில் நான் மகளிடம், "அந்த மெஷினில் அம்மா விரல் வைப்பேன், டிக்கெட்டை நீ வைக்கணும், சரியா?" என்றேன். அவள் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். நான் என் விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து திறந்தோம்" என்று உள்ளே ஓடினாள்.